பிளஸ் டூ முடித்த மகள் ஓவியம் படிக்க விரும்புகிறாள்: கவின் கலைக் கல்லூரி பற்றி அறிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

காவிரிக்கரை ஆசிரியை எழுதியது:

வணக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் உரக்கடை நடத்துகிறார். எங்கள் ஒரே மகள் இவ்வாண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் படித்து 600க்கு 541 மதிப்பெண் எடுத்தவள், தேர்வு முடிவு வந்த அன்று மாலையே, பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை என்றும் ஓவியத்தில் பி.எஃப்.ஏ. என்னும் கவின்கலை இளநிலைப் பட்டம் படிக்க விரும்புவதாகவும் சொல்லிவிட்டாள். என் கணவர் கோபக்காரர் அல்லர். ஆனால் அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஓவியம் வரையட்டும், அதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளட்டும், படிப்பு என்றால் அது சோறு போட வேண்டாமா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சென்ற மாதம் என் மாமியார் திண்ணையில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அவருடைய கைகளை மட்டும் பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் பதினொரு முறை வரைந்திருக்கிறாள். முதல் தாளில் விரல்கள் வாழைப்பழச் சீப்பைப் போல இருந்தன. பதினோராவது தாளில் கட்டைவிரல் நகம் இணுக்கை உருவும் விதமே தெரிந்தது. யாரும் அவளை வரையச் சொல்லவில்லை. வரைந்ததை அவள் எங்களிடம் காட்டவும் இல்லை. அலமாரியைத் துடைக்கும்போது நானாகத்தான் கண்டெடுத்தேன். அந்தத் தாள்களைப் பார்த்த பிறகு, "இதெல்லாம் வேண்டாம், பொறியியலுக்குப் போ" என்று சொல்ல என் வாய் வரவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. நான்கு ஆண்டுகள் ஓவியம் படிக்கிறார்கள் என்றால், கல்லூரியில் உண்மையில் என்ன கற்றுக்கொடுக்கிறார்கள்? வீட்டிலிருந்தே தினமும் வரைந்து பழகினால் வராத எது, கல்லூரிக்குப் போனால் வரும்? கும்பகோணத்திலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கும்போது சென்னைக்கோ வெளிமாநிலத்துக்கோ அனுப்புவதில் பொருள் உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, படித்து முடித்தவர்கள் எதைக் கொண்டு வாழ்கிறார்கள்? அந்தத் துறையில் இருப்பவர்கள் மனம் திறந்து சொன்னால், நானும் என் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.

கரிக்கோடு எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் 1990களில் ஓவியம் படித்தவன் நான். இன்று ஓவியத்தை நம்பியே குடும்பம் நடத்துகிறேன். நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கே விரிவாக விடை சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மற்ற கேள்விகளுக்கான விடைகள் அதற்குள்தான் இருக்கின்றன.

முதலாண்டில் எங்களுக்கு வண்ணத்தைத் தொடும் வாய்ப்பே அதிகம் கிடைக்கவில்லை. ஒரு பித்தளைச் செம்பு, மடித்துப் போட்ட ஒரு துணி, இரண்டு செங்கல் ஆகியவற்றை மேசைமேல் வைத்துவிட்டு, அவற்றை வாரக்கணக்கில் வரையச் சொன்னார்கள். காலையில் சன்னல் வழியாக வரும் வெளிச்சம் பிற்பகலில் மாறிவிடும் என்பதும், நிழல் கருமையாக இருப்பதில்லை, அதற்குள்ளும் பக்கத்துப் பொருளின் நிறம் கசிந்திருக்கும் என்பதும் அப்போதுதான் என் கண்ணுக்குப் புலப்பட்டன. மாலையில் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடுவோம். அங்கே காத்திருக்கும் மனிதர்களை வரைய வேண்டும். ஆனால் யாரும் நமக்காக அசையாமல் இருக்கமாட்டார்கள். வண்டி வந்ததும் எழுந்து போய்விடுவார்கள். பத்து விநாடியில் ஓர் உடம்பின் சாய்வைப் பிடிக்கக் கை பழகுவது அப்படித்தான்.

ஒருநாள், தலையில் பெட்டியோடு நடக்கும் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவரை வரைந்து, மிகுந்த பெருமையோடு ஆசிரியரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அந்தப் பெட்டிக்குள் ஏதாவது இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு பார்த்தால், முகமும் சட்டை மடிப்பும் கச்சிதமாக இருந்தனவே ஒழிய, கழுத்து பாரத்தை ஏற்கவில்லை, இடுப்பு ஒடியவில்லை, பாதம் தரையில் அழுந்தவில்லை. நான் வரைந்தது காலிப்பெட்டி. வீட்டிலிருந்து பத்தாண்டு வரைந்திருந்தாலும் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க யாரும் இருந்திருக்கமாட்டார்கள். உறவினர்கள் "அப்படியே தத்ரூபமாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். கல்லூரி தரும் முதல் பொருள் இதுதான் என்பேன்: உங்கள் மேல் அக்கறை கொண்ட, ஆனால் உங்களுக்கு இனிக்கப் பேச வேண்டிய கட்டாயம் இல்லாத கண்கள். ஆசிரியர்களின் கண்கள் பாதி என்றால், உடன் படிப்பவர்களின் கண்கள் மீதிப் பாதி. எனக்குப் பக்கத்துப் பலகையில் வரைந்தவன் என்னைவிடத் திறமைசாலி. அவனை எட்டிப் பிடிக்க முயன்ற நான்கு ஆண்டுகள்தாம் என்னை ஓவியனாக்கின.

இரண்டாவது பொருள், ஒரு மரபுக்குள் நிற்கிறோம் என்ற உணர்வு. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளிதான் எங்கள் கல்லூரி. தொடக்கத்தில் அங்கே கைத்தொழில் பயிற்சிக்கே முதன்மை இருந்தது. மட்பாண்டம், மரவேலை, உலோகவேலை எல்லாம் அங்கே நடந்தன. பின்னர் 1957 வரை முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்ததுதான் மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை. அவருக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், மேலை ஓவியத்தை அப்படியே பின்பற்றாமல் நம்முடைய எழுத்து, ஜாதகக் கட்டம், கிராமியக் குறிகள் ஆகியவற்றிலிருந்து ஒரு மொழியை உண்டாக்க முயன்றார். அங்கே கற்பித்த சிற்பி தனபாலின் கையில் வளர்ந்தவர்கள் ஏராளம். கீரனூரிலிருந்து வந்து அவருடைய ஆதரவில் படித்த ஓவியர் ஆதிமூலம், 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவியங்களை இன்றும் எடுத்துப் பார்க்கிறேன். ஒரே கோடு ஓரிடத்தில் எலும்பாகவும் இன்னோரிடத்தில் துணியாகவும் மாறுவது எப்படி என்று வியக்காமல் இருக்க முடிவதில்லை. இந்தப் பெயர்களெல்லாம் வெளியிலிருந்தும் தெரிந்துகொள்ளக் கூடியவைதாமே என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்துகொள்ளலாம்; ஆனால் அவர்கள் நடந்த அதே கூடத்தில், அவர்களிடம் படித்தவர்களிடம் நாம் படிக்கும்போது, அவர்கள் பட்ட பாடும் நமக்குக் கிடைக்கிறது.

பட்ட பாடு என்று சொன்னதால், பிழைப்பு பற்றிய கேள்விக்கும் வருகிறேன். 1966இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். ஓவியம் விற்று வாழ முடியாத காலம் அது. அவர்கள் மெழுகு பூசிச் சாயமிடும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலத்தையும் வீட்டையும் அமைத்துக்கொண்டு, மிச்சப் பொழுதில் தங்களுக்கான ஓவியத்தை வரைந்தார்கள். உங்கள் கணவர் கேட்கும் கேள்வியை அவர்களும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டுதான் அந்த வழியைக் கண்டார்கள். நானும் அப்படித்தான்: முதல் எட்டு ஆண்டுகள் புத்தக அட்டை, திருமண மண்டபச் சுவரோவியம், பள்ளிப் பிள்ளைகளுக்கு வார இறுதி வகுப்பு ஆகியவற்றில் கிடைத்ததே வருமானம். ஒன்பதாம் ஆண்டில்தான் நான் விரும்பி வரைந்த ஓவியங்களின் வருமானம் அதற்குச் சமமாக வந்தது. இன்றும் குழந்தைகளுக்கான இரண்டு வகுப்புகளை நான் விடவில்லை.

கல்லூரி சொல்லித்தராததையும் சொல்லிவிட வேண்டும். ஓர் ஓவியத்துக்கு விலை எப்படி வைப்பது, கேலரி விற்பனையில் ஏறக்குறைய பாதியைக் கழிவாக எடுத்துக்கொள்ளும்போது நம் கைக்கு என்ன வரும், ஓவியத்தைக் கொடுக்கும்போது என்ன எழுதி வாங்க வேண்டும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என்னுடைய நான்கு ஓவியங்களை விற்பனைக்கு வாங்கிச் சென்ற கேலரி ஒன்று, அவற்றில் இரண்டு விற்றுப்போன செய்தியையே ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் சொன்னது. கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாததால் என்னால் எதுவும் பேச முடியவில்லை. உங்கள் மகள் எந்தக் கல்லூரிக்குப் போனாலும், முதல் ஆண்டிலிருந்தே தன் படைப்புகளைப் புகைப்படம் எடுத்து, அளவும் ஆண்டும் எதைக் கொண்டு வரைந்தது என்பதும் குறித்துவைக்கும் பழக்கத்தைக் கைக்கொள்ளட்டும்.

செப்புத்தகடு எழுதியது:

அக்காவுக்கு வணக்கம். நான் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. முடித்து, பிறகு பரோடாவில் பதிப்போவியத்தில், அதாவது தகட்டில் கீறி அச்செடுக்கும் கலையில், எம்.எஃப்.ஏ. என்னும் முதுநிலைப் பட்டம் படித்தவள். எங்கள் வீட்டிலும் அப்பா பல நாள் பேசாமல் இருந்தார் என்பதால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது கண் கலங்கியது.

ஊரைப் பற்றிய உங்கள் கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். இளநிலைப் படிப்பைக் கும்பகோணத்தில் முடிப்பது எந்த வகையிலும் குறைவு ஆகாது. சென்னைக் கல்லூரியும் கும்பகோணம் கல்லூரியும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ்தான் வருகின்றன. 2013இல் தொடங்கப்பட்ட இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் அது. சென்னையில் கண்காட்சிகள் அதிகம், துறைகளும் அதிகம். சுடுமண் கலை, துணி வடிவமைப்பு போன்றவை வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். ஆனால் கும்பகோணத்தில் இருப்பவளுக்கு மிதிவண்டி தூரத்தில் செப்புச் சிலைகள் வார்க்கும் சுவாமிமலை இருக்கிறது. நான் இரண்டாம் ஆண்டில் ஒரு ஸ்தபதியின் பட்டறைக்கு விடுமுறை நாட்களில் போய்க்கொண்டிருந்தேன். தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து, அதையே அளவுகோலாக வைத்து அவர் மெழுகில் ஒரு தேவியின் இடுப்பையும் முழங்காலையும் குறித்ததைப் பார்த்தேன். மெழுகு உருவத்தின் மேல் காவிரியின் நைசான வண்டலை முதலில் பூசி, நிழலில் காயவைத்து, அதன்பிறகே கனத்த களிமண்ணை அப்புவார்கள். மெழுகில் விரல்ரேகை பட்டிருந்தால், அந்த முதல் பூச்சு அதையும் பிடித்துக்கொள்ளும், அது செம்பிலும் வந்துவிடும் என்று அவர் சொன்னார். பொருளின் மேல் அத்தனை கவனம் வைக்க வேண்டும் என்பதை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் கற்கவில்லை. தாராசுரமும் பக்கத்தில்தான். தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் நாயக்கர் கால ஓவிய அடுக்குக்குக் கீழே சோழர் ஓவியங்கள் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தது 1931இல். அவ்வளவு நெருக்கத்தில் அப்படி ஒரு செல்வத்தை வைத்துக்கொண்டு ஓவியம் படிக்க நேர்வது பெரும் பேறு.

முதுநிலைக்கு வெளியே போகட்டும். எனக்குப் பரோடா தந்தது வேறு வகையான கல்வி. அங்கே மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம் 1950இல் தொடங்கப்பட்டபோதே, வரைவதோடு கலை வரலாறும் சேர்ந்தே கற்பிக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. "இந்தத் தகட்டில் நீ ஏன் இதைச் செய்தாய்?" என்று கேட்பார்கள், "எனக்குப் பிடித்திருந்தது" என்ற விடையை ஏற்கமாட்டார்கள். முதல் ஆறு மாதம் எனக்கு அது துன்பமாகவே இருந்தது. தமிழில் தெளிவாகத் தெரிந்ததை அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லும்போது, சிந்தனையே அரைகுறையாக இருப்பதாக மற்றவர்கள் எண்ணிக்கொள்வார்கள். உங்கள் மகள் இப்போதிருந்தே தான் வரைவதைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் நான்கு வரி எழுதிப் பழகினால், பின்னால் அந்தத் துன்பம் குறையும். சாந்திநிகேதனில் 1919இல் தாகூர் தொடங்கிய கலாபவனமும் முதுநிலைக்கு நல்ல இடம். மரத்தடியிலும் சுவரிலும் வேலை செய்ய இடம் கொடுக்கும் ஊர் அது.

உங்கள் கணவருக்கு ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். கே.ஜி. சுப்ரமணியன், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். 1944இல் சாந்திநிகேதனுக்குப் போய் ஓவியம் கற்றார். பரோடாவில் தலைமுறைகளை உருவாக்கினார். ஓவியம், சுவரோவியம், சுடுமண், பொம்மை, குழந்தைகளுக்கான நூல் என்று அவர் தொடாதது இல்லை. ஓவியம் படித்தவர் கேன்வாஸில் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும் என்று இல்லை என்பதற்கு அவரைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசுக் கல்லூரியில் கட்டணம் உங்களைக் கவலைப்படுத்தாது. வண்ணமும் தாளும் கேன்வாஸும்தான் மாதந்தோறும் கையைக் கடிக்கும். நான் முதல் இரண்டு ஆண்டுகள் கரியும் மையும் கொண்டே பெரும்பாலும் வேலை செய்தேன், அதனால்தான் பிற்பாடு பதிப்போவியத்துக்கு வந்தேன் என்றும் சொல்லலாம். மெழுகு பூசிய துத்தநாகத் தகட்டில் ஊசியால் கீறி அமிலத்தில் இடும்போது, எத்தனை நிமிடம் விட்டால் எந்தக் கோடு எவ்வளவு ஆழம் போகும் என்று காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தக் காத்திருப்பு என் இயல்புக்குப் பொருந்தியது. அச்சு எந்திரத்தைச் சொந்தமாக வாங்க எனக்கு வசதியில்லை. படிப்பு முடிந்தபின் சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள, தேசியக் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில்தான் வேலை செய்தேன். கல்லூரியை விட்டு வெளியே வந்தவுடன் ஸ்டூடியோவும் கருவியும் இல்லாமல் பலர் வரைவதையே நிறுத்திவிடுகிறார்கள். அந்த முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு சிறிய அறை, ஒரு மேசை, ஒரு சன்னல் ஆகியவற்றை மட்டும் நீங்கள் வீட்டில் ஒதுக்கிக் கொடுத்தாலே, அது அவளுக்கு எந்த விருதையும்விடப் பெரிய உதவி.

அட்டைப்பட வடிவமைப்பாளர் எழுதியது:

அம்மா, வணக்கம். மேலே எழுதிய இருவருடைய அனுபவத்தையும் மதிக்கிறேன். ஆனால் முடிவெடுக்கும் முன் இன்னொரு வாயிலையும் நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நான் சென்னைக் கல்லூரியில் காட்சித் தொடர்பு வடிவமைப்பில் பி.எஃப்.ஏ. முடித்து, பதிப்பகங்களுக்கு நூல் வடிவமைப்பும் குழந்தைகள் நூல்களுக்குப் படமும் செய்து வருகிறேன். மாதந்தோறும் வருமானம் வருகிறது. வரைவதை விடவும் இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவைக்க விரும்புகிறேன், ஏனென்றால் ஆண்டுதோறும் பல பெற்றோர் இதில் தவறிவிடுகிறார்கள். கலை அறிவியல் கல்லூரிகளில் "விஸ்காம்" என்று வழங்கும் பி.எஸ்ஸி. படிப்பு வேறு, கவின் கலைக் கல்லூரியின் காட்சித் தொடர்பு வடிவமைப்பு வேறு. முன்னது ஒளிப்பதிவு, விளம்பரம், தொலைக்காட்சி ஆகியவற்றை மையமாகக் கொண்ட ஊடகப் படிப்பு, மூன்று ஆண்டு. பின்னது வரைதலை அடிப்படையாகக் கொண்டு எழுத்துரு, பக்க அமைப்பு, சித்திரம் ஆகியவற்றுக்குப் போகும் நான்கு ஆண்டுப் படிப்பு. என் நண்பர் ஒருவருடைய தங்கை ஓவியம் கற்கலாம் என்று நம்பி விஸ்காமில் சேர்ந்து, முதல் பருவம் முழுவதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்து, கடைசியில் ஓராண்டை இழந்து வெளியே வந்தாள். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் நேரும் இழப்பு இது.

உங்கள் மகள் பதினொரு முறை ஒரே கையை வரைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொறுமை உள்ளவள் எந்தத் துறையிலும் தேறுவாள் என்பதால் சொல்கிறேன்: தமிழில் குழந்தைகளுக்கு நல்ல படங்கள் வரையத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. மருத்துவ நூல்களுக்கும் தாவரவியல் நூல்களுக்கும் படம் வரைபவர்கள் அதைவிடக் குறைவு. அவள் உயிரியல் படித்தது வீணாகப் போகாது. ஓவியத் துறையிலேயே சேரட்டும். ஆனால் கணினியில் வரையவும் பக்கம் அமைக்கவும் விடுமுறைகளில் கற்றுக்கொள்ளட்டும். நான் படித்த காலத்தில் ஓவியத் துறை மாணவர்கள் எங்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார்கள். சோழமண்டலத்துக்காரர்கள் பாத்திக் செய்ததைக் கரிக்கோடு ஐயா மேலே எழுதியிருப்பதைப் படித்தபோது, அந்த இளக்காரத்துக்கு எந்த அடிப்படையும் இல்லை என்று மீண்டும் தோன்றியது.

காவிரிக்கரை ஆசிரியை எழுதியது:

உங்கள் மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்றிரவு கடையைப் பூட்டிவிட்டு வந்தபின் என் கணவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். காலிப்பெட்டி பற்றிய பகுதியை மட்டும் மறுபடியும் வாசிக்கச் சொன்னார். அவரே மூட்டை தூக்கி வளர்ந்தவர். அதன்பிறகு அவர் கேட்டவை இரண்டே கேள்விகள். ஓவியம் படித்தவர்களுக்கு அரசு வேலை என்று ஏதாவது உண்டா என்பது ஒன்று. கல்லூரியில் நுழைவுத்தேர்வும் படைப்புகளின் தொகுப்பும் கேட்பார்களாமே, அதற்கு அவள் இப்போது என்ன செய்ய வேண்டும், ஏதாவது பயிற்சி மையத்தில் சேர்க்க வேண்டுமா என்பது மற்றொன்று.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் எழுதியது:

டீச்சர், வணக்கம். முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு விடை சொல்கிறேன். உங்கள் கணவரிடம் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடுங்கள்: வேலை உண்டு, ஆனால் அதை நம்பி மட்டும் இந்தப் படிப்பில் சேர்க்க வேண்டாம். பள்ளி ஓவிய ஆசிரியர் பணியிடங்கள் குறைவு. நியமனமும் ஆண்டுதோறும் வருவதில்லை. 2012இல் பகுதிநேரச் சிறப்பாசிரியர்களாக எடுக்கப்பட்டவர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடியதை நீங்களும் ஆசிரியை என்பதால் அறிவீர்கள். தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் வாய்ப்பு அதிகம். சம்பளம் பள்ளிக்குப் பள்ளி மாறும்.

கல்லூரி ஆசிரியப் பணி வேண்டுமானால் எம்.எஃப்.ஏ. முடித்து, ஓவியமும் சிற்பமும் அடங்கிய காண்கலைப் பாடத்தில், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். கலை வரலாற்றை ஆழமாகப் படித்தவர்களே அதில் தேறுகிறார்கள். அதனால் அந்தப் பாடத்தை எழுத்துத் தேர்வுக்கான சுமையாகக் கருத வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு இரண்டாண்டு உதவித்தொகை தருகிறது. காண்கலையும் அதில் அடங்கும். கொச்சியில் 2012 முதல் நடக்கும் பியனாலே என்னும் பெரும் கலைக் கண்காட்சியின் ஒரு பகுதியாக 2014இலிருந்து மாணவர் பியனாலேயும் நடக்கிறது. கலைக் கல்லூரி மாணவர்கள் அங்கே தங்கள் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கிறார்கள். என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த மாணவன் ஒருவனின் வேலை அங்கே சுவரில் தொங்குவதைப் பார்க்க, முழங்கால் வலியோடு ரயிலேறிப் போய்வந்தேன்.

அந்த மாணவனின் தகப்பனார் இன்றும் தச்சு வேலைதான் செய்கிறார். மகன் ஓவியம் படிக்கப் போவதாகச் சொன்னபோது அவர் என்னிடம் வந்து, "சார், பையன் கை வேலை செய்யுமா?" என்று கேட்டார். செய்யும் என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

கரிக்கோடு எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். பயிற்சி மையத்துக்கு அவசரமாக ஓட வேண்டாம். நுழைவுத்தேர்வில் பொருள்களையோ மனித உருவத்தையோ கண்ணெதிரே வைத்து வரையச் சொல்வார்கள். மனத்திலிருந்து ஒரு காட்சியை அமைத்து வரையவும் சொல்வார்கள். பயிற்சி மையங்களில் ஒரே சந்தைக் காட்சியையும் ஒரே பொங்கல் காட்சியையும் நூறு பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கிறார்கள். தாளைத் திருப்பியவுடனே தேர்வாளருக்கு அது தெரிந்துவிடும். சந்தையை வரைய வேண்டுமென்றால் அவள் சந்தைக்குப் போகட்டும். தராசைப் பிடித்திருக்கும் கை எந்த உயரத்தில் இருக்கிறது, காய்க்காரம்மா காலை மடித்து உட்காரும்போது சேலை எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்று பார்த்து வரையட்டும். நாளொன்றுக்கு இருபது சிறு படங்கள் என்ற கணக்கில் இரண்டு மாதம் செய்தால் போதும்.

தொகுப்பைப் பொறுத்தவரை, நடிகர்களின் படத்தையும் இணையத்தில் கிடைக்கும் புகைப்படங்களையும் பார்த்து வரைந்தவற்றைக் கூடுமானவரை தவிர்க்கலாம். கண்ணால் நேரில் பார்த்து வரைந்தவை முதலில் வரட்டும். எல்லாத் தாளையும் ஒரே அளவாக வெட்டி, சட்டம் போட்டு அழகுபடுத்த வேண்டாம். பின்புறம் தேதியை மட்டும் எழுதினால் போதும். ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வரைந்த வரிசை ஏதாவது இருந்தால் அதைக் கட்டாயம் வைக்க வேண்டும், ஏனென்றால் பிள்ளை எப்படிக் கற்றுக்கொள்கிறாள் என்பது அதில்தான் தெரியும். உங்கள் மாமியாரின் கைகளை வரைந்த பதினொரு தாள்களையும் அப்படியே, வாழைப்பழ விரல்கள் உள்ள முதல் தாளையும் சேர்த்து, வரிசை மாறாமல் வையுங்கள்.

நேரம் கிடைத்தால் ஒரு நாள் அவளை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்து வாருங்கள். செப்புத் திருமேனிகளின் கூடத்தில் அவளைத் தனியே விட்டுவிட்டு நீங்கள் இருவரும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருங்கள்.

காவிரிக்கரை ஆசிரியை எழுதியது:

அடுத்த ஞாயிறு எழும்பூருக்கு வருகிறோம். கணவரே ரயிலுக்குப் பதிவு செய்துவிட்டார். ஒரு சந்தேகம் மட்டும். இப்போது பார்த்தால், பதினொரு தாள்களில் பத்துதான் அலமாரியில் இருந்தன. ஏழாவது தாள் கடையில் கிடைத்தது. அவர் அது என்னவென்று பாராமல் அதன் ஓரத்தில் பென்சிலால் யூரியா மூட்டைக் கணக்கு எழுதியிருக்கிறார். அதை அழித்துவிட்டு வைக்கலாமா, வேண்டாமா?

கரிக்கோடு எழுதியது:

அழிக்க வேண்டாம், சகோதரி. கணக்கோடு இருக்கட்டும்.